பத்தரை மணிக்கே முடிந்துபோன செவ்வாய்க்கிழமை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, சேதராப்பட்டில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அன்றைய நாளை முடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் கணக்குப்படி அன்றைய வேலை சுபம். வெளியே வெயில் மட்டும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பதினோரு லாரிகள். ஒன்றுக்கும் வெளியே போக ரசீது கிடையாது.

காரணம்? இந்தப் பத்தியை எழுதுகிற மகராசிதான். வேறு யார்!

வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். பகலில் லாஸ்பேட்டையில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறேன். மாலையில் ‘சாயம்’. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் – சாயம் என்பது கம்ப்யூட்டர் திரைக்கு அலங்காரம் செய்கிற மென்பொருள். ஐகான் பெரிதாக வேண்டுமா? கீழே கிடக்கிற பட்டை மேலே போக வேண்டுமா? பச்சை வேண்டாம், நீலம் வேண்டுமா? எல்லாம் செய்யும். ஆறு வருடத்துக்கு முன்னால் தனியாக ஆரம்பித்தேன். இப்போது உலகத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து எழுதுகிறோம். இலவசம். உள்ளே இருக்கிற நிரலையும் திறந்தே வைத்திருக்கிறோம். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போய் வேறு பெயரில் நடத்தலாம்.

“இதுல உனக்கு என்னா வருது?” என்று கேட்காத சொந்தக்காரர் எங்கள் வகையறாவிலேயே இல்லை. “நிம்மதி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்... செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் 1.4 என்ற புதுப் பதிப்பை வெளியிட்டோம். அதில் ஒரு மாற்றம், எரிக் செய்தது. எரிக் நெதர்லாந்துக்காரர். எங்கள் எட்டுப் பேரில் ரொம்ப சுத்தக்காரர். திரையில் அங்கங்கே கிடக்கிற ஐகான்களை எல்லாம் ஆங்கில அகரவரிசையில் அழகாக அடுக்கிவிடும் வேலை. அனுமதி கொடுத்தது நான். இரண்டு வாரம் பொது விவாதத்துக்கு வைத்தோம் – அது எங்கள் சட்டம், எந்த மாற்றமும் அதைத் தாண்டித்தான் வெளியே போகும். ஒருவரும் மூச்சு விடவில்லை. வெளியிட்ட அன்றே நாலைந்து பாராட்டு மெயில் வந்தது. நான் இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை செல்வம் போன் செய்தார். எங்கள் தெருக்காரர். அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் புதுப் பதிப்பு போட்டால் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிடுவார். அவ்வளவு நம்பிக்கை.

“அக்கா, என்னாக்கா பண்ணி வச்சிருக்கீங்க? இங்க நாள் முடிஞ்சிடுச்சு.”

“எந்த நாள்?”

“இன்னிக்கு!”

விஷயம் இதுதான். தொழிற்சாலை வாசலில் லாரிகளை எடை போடும் மேடை இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர். திரையில் நான்கே ஐகான். சரக்கோடு வருகிற லாரிக்கு ‘ஃபர்ஸ்ட் வெயிட்’. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகப் போகும்போது ‘செகண்ட் வெயிட்’. அப்புறம் ‘பிரிண்ட் ஸ்லிப்’. கடைசியாக, சாயங்காலம் ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டிய ‘க்ளோஸ் டே’. நான்கு வருடமாக அதே வரிசை, இடமிருந்து வலம். அன்று பத்தரைக்குச் சற்று முன்னால்தான் செல்வம் அதில் 1.4-ஐ ஏற்றியிருந்தார். எங்கள் அழகான அகரவரிசை என்ன செய்தது? ‘க்ளோஸ் டே’யைத் தூக்கி முதல் இடத்தில் வைத்தது. எடை போடுகிற தனலட்சுமி வழக்கம்போல முதல் ஐகானை அழுத்தினார். ‘சரிதானா?’ என்று கேட்டது. எந்த ஐகானை அழுத்தினாலும் அதைத்தான் கேட்கும். என்டர் தட்டினார். நாள் முடிந்தது.

காலேஜில் அரை நாள் லீவ் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் – போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரு வக்கீல் எனக்காக வாதாடிக்கொண்டே வந்தார். ஐகானுக்குக் கீழே பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே? படித்துவிட்டு அழுத்தக் கூடாதா? திரையைப் பார்க்காமல் யாராவது கம்ப்யூட்டரில் வேலை செய்வார்களா?

நான் போய்ச் சேர்ந்தபோது, மூடிய நாளைச் செல்வம் ஒரு வழியாகத் திறந்துவிட்டிருந்தார். ஐகான்களையும் கையால் பழைய இடத்தில் இழுத்து வைத்திருந்தார். ஆனால் கரண்ட் போய் வந்தால் சாயம் மறுபடி அடுக்கிவிடும். கரண்ட் அங்கே தினமும் நாலு தடவை போகும். பழைய பதிப்பையே போட்டுவிடலாமென்றால், அது புதுப் பதிப்பின் அமைப்புகளைப் படிக்கத் தெரியாமல் முழித்தது. அதுவும் என் கைங்கரியம்தான்.

எடை அறையில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு டைப் அடித்த கடிதம். செல்வம் என்னை அறிமுகப்படுத்தினார்.

“இந்த சாஃப்ட்வேர எழுதினது உங்க ஹஸ்பண்டா மேடம்?”

“இல்ல சார். அவருக்கு ஒரு மெயில் அனுப்பணும்னாலும் நான்தான் வரணும்.”

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டினார். ‘என்னுடைய கவனக்குறைவினால் ஏற்பட்ட இந்தத் தவறுக்கு...’ என்று ஆரம்பித்தது. தனலட்சுமி கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு மறுநாளிலிருந்து பேக்கிங் பிரிவுக்குப் போய்விட வேண்டும். எடை மேடைக்கு ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாக’ வேறு யாரையாவது போடப்போகிறாராம்.

தனலட்சுமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பத்தாவது வரை படித்தவர். பக்கத்துக் கிராமம், சைக்கிளில் வேலைக்கு வருகிறார். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் முகத்தில் இருந்தது அழுகை இல்லை, கடுப்பு.

“பேக்கிங்குக்குப் போறது ஒண்ணும் கேவலம் இல்ல மேடம். நான் அங்கேருந்து வந்தவதான். ஆனா கவனம் இல்லாதவன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவ மாட்டேன். அது மட்டும் நடக்காது.”

எனக்குள்ளிருந்த வக்கீல் வாயைத் திறந்துவிட்டார். “ஒரு தடவ ஸ்கிரீனப் பாத்து அழுத்தியிருக்கலாமேம்மா?” என்று கேட்டேன்.

தனலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்தார். “இப்பிடி உக்காருங்க மேடம். அடுத்த வண்டிய நீங்க போடுங்க.”

காலி லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றது. நான் திரையைப் பார்த்தேன். ‘செகண்ட் வெயிட்’. அழுத்தினேன். ‘சரிதானா?’ படித்தேன். என்டர். இதில் என்ன கஷ்டம் என்பதுபோல மேனேஜரை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார்.

தனலட்சுமி ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்.

“ண்ணா, பின் சக்கரத்த மேல ஏத்து! தெனம் உனக்கு இதே வேலயாப் போச்சா?”

எட்டிப் பார்த்தேன். லாரியின் பின் சக்கரம் மேடைக்கு வெளியே ஒரு சாண் நின்றிருந்தது. டிரைவர் ஈயென்று இளித்துக்கொண்டே வண்டியை முன்னால் எடுத்தார்... திரையில் எடை கிடுகிடுவென்று ஏறியது. காலி லாரியின் எடையைக் குறைத்துக் காட்டினால், இறக்கிய சரக்கு கூடுதலாக இருந்ததாகக் கணக்காகிவிடும். எவ்வளவு சுலபமான திருட்டு! எனக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற மேனேஜருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“லோடு வண்டின்னா கிளீனர் உள்ளயே குந்திக்குவான். காலி வண்டின்னா சக்கரம் வெளிய நிக்கும். எடம் தெரிஞ்சா கை தானாப் போவும். கண்ணு ஜன்னல்ல இருக்கணும் மேடம். நான் லாரியப் பாக்கட்டுமா, உங்க பொம்மையப் பாக்கட்டுமா?”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆறு வருடமாக நான் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது யாருக்காக? திரைக்கு எதிரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, நாங்கள் செய்த அலங்காரத்தை ரசிக்கிற யாரோ ஒருவருக்காக. அப்படி ஒருவர் உண்டு. அவர் பெயர் எரிக். இன்னொருவரும் உண்டு. நான்தான்.

கவனக்குறைவாம்! அந்தத் தொழிற்சாலையிலேயே கவனமாக இருந்த ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் மாட்டிக்கொண்டார்.

மேனேஜர் கையிலிருந்த கடிதத்தை வாங்கினேன். தனலட்சுமி கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குக் கீழே எழுதினேன்: ‘இது இவருடைய தவறு அல்ல. சாயம் 1.4 கேட்காமல் இடம் மாற்றியதால் நடந்தது. அதை அனுமதித்து வெளியிட்டவள் நான்.’ கையெழுத்துப் போட்டேன்.

செல்வம் என் காதோரம் பதறினார். “அக்கா, நம்ம லைசென்ஸ்லயே போட்டிருக்கே... என்னா நடந்தாலும் எழுதினவங்க பொறுப்பு இல்லன்னு.”

போட்டிருக்கிறது, உண்மைதான். இலவச மென்பொருள் எல்லாவற்றிலும் அந்த வரி உண்டு. ஆறு வருடமாக அதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்திருந்தேன். அன்றைக்கு அங்கே ஒளிய எனக்கு வெட்கமாக இருந்தது.

“நீங்க எங்க ஸ்டாஃப் இல்லயே மேடம், நீங்க எப்பிடிக் கையெழுத்துப் போடலாம்?” என்றார் மேனேஜர். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை. பின் சக்கரத்தைப் பார்த்ததிலிருந்தே அவர் கொஞ்சம் இறங்கியிருந்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்: “சரி, வெள்ளிக்கிழம காலைல வரைக்கும் டைம். அதுக்குள்ள இது நிரந்தரமா சரியாவணும். இல்லன்னா இவங்க கையெழுத்துப் போட்டுட்டு பேக்கிங் போவட்டும்.”

நன்றி சொல்வார் என்று தனலட்சுமியைப் பார்த்தேன். அவர் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கண் ஜன்னலில்.

“கையெழுத்து இருக்கட்டும் மேடம். என் எடத்த எப்பத் திருப்பித் தருவீங்க?”

அன்று மாலையே வீட்டுக்கு வந்து திருத்தத்தை எழுதினேன். பெரிய வேலை இல்லை. பயன்படுத்துகிறவர் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்தால், சாயம் அதைத் தொடாது. அவ்வளவுதான். எங்கள் மெயில் குழுவில் நடந்ததைச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் வெளியிட வேண்டும் என்று கேட்டேன்.

புதன்கிழமை காலை பார்த்தால்... குழுவே கொதித்துக்கிடந்தது. எரிக் நான்கு பக்கம் எழுதியிருந்தார். அகரவரிசைதான் உலக வழக்கம். இரண்டு வார விவாதம் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. எங்கேயோ ஒரு லாரி மேடையில் இருக்கிற ஒரே ஒருவருக்காக எல்லோருக்கும் மாற்ற முடியாது. வேண்டுமானால் அந்தப் பெண்மணிக்கு மட்டும் தனியாக ஒரு பதிப்பு செய்து கொடுத்துவிடுங்களேன்? ஐந்து பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

நியாயமான யோசனைதான். நீங்களும் அதையேதான் கேட்பீர்கள். அப்படிச் செய்திருந்தால் சண்டை இல்லை, எல்லோரும் நல்லவர்.

ஆனால் தனலட்சுமிக்கு ஒரு செல்வம் இருந்தார். செல்வத்திடம் என் போன் நம்பர் இருந்தது. என் நம்பர் தெரியாத தனலட்சுமிகள் எத்தனை ஊரில், எத்தனை ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அவர்கள் எங்கள் குழுவுக்கு மெயில் எழுத மாட்டார்கள். அந்த இரண்டு வார விவாதத்தில் ஒருவரும் மூச்சு விடாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோமே, அதுதான் நாங்கள் செய்த தப்பு. பேசக்கூடியவர்கள் எல்லோரும் நாங்கள்தான்!

வியாழக்கிழமை மாலை 1.4.1 வெளியானது. விவாதம் இல்லை. ஓட்டெடுப்பு இல்லை. வெளியிடும் சாவி என்னிடம் இருந்தது, திருகிவிட்டேன். என்ன மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில் எப்போதும் இருபது வரி எழுதுவோம். இந்தத் தடவை ஒரே வரி: ‘நீங்கள் வைத்ததை இனி நாங்கள் தொட மாட்டோம்.’

“சட்டத்தை மீறிவிட்டீர்கள்” என்று எரிக் எழுதினார். மீறினேன். மறுபடி இப்படி ஒன்று வந்தால் மறுபடியும் மீறுவேன். அவர் சாயத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறாராம், இன்னும் மூன்று பேர் கூடவே. தாராளமாகப் போகட்டும், கதவு திறந்தேதான் இருக்கிறது. நல்ல ஆட்கள். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மன்னிப்பு? அதை நான் ஏற்கெனவே கேட்க வேண்டியவரிடம் எழுத்தில் கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை முதல் பீரியடில் எனக்குப் பாடமே ஓடவில்லை. மணி அடித்ததும் வெளியே வந்து செல்வத்துக்குப் போன் போட்டேன்.

“காலைலயே ஏத்திட்டேங்க்கா. நடுவுல கரண்ட்டும் போய்ட்டு வந்துச்சு, ஒண்ணும் நகரல. ஆறு வண்டி போயிடுச்சு. மேனேஜர் பின்னாடியே நின்னு பாத்தாரு. தனலட்சுமிகிட்ட நீங்களே இங்க இருங்கன்னு சொல்லிட்டு லெட்டர எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.”

“தனலட்சுமி கையெழுத்து?”

“போடவே இல்லியே!”

எனக்கு மூச்சு வந்தது. கூடவே, சும்மா இருக்க முடியாமல், படைத்தவளின் ஆசையும் வந்தது. “புது வெர்ஷன் எப்படி இருக்குதாம்? என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“அத அவங்க எங்கக்கா பாத்தாங்க? ஸ்கிரீன் பக்கமே திரும்பல!”

ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான சர்டிஃபிகேட் இது ஒன்றுதான் – கண்ணாடி போட்டு மாட்டத்தான் வழியில்லை.