செருப்பு ரப்பரில் ஒரு கவசம்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், கூறைச் சேலைக்குப் பின்னால், ஓர் இடது கை இருக்கிறது. பயப்பட வேண்டாம், செருப்பு ரப்பரால் செய்து வெள்ளி நிறம் பூசிய கையுறைதான் அது. விரல் விரலாக, கணுக் கணுவாகத் துண்டுகள் ஒட்டி முழங்கை வரைக்கும் போகும். மணிக்கட்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி விளக்கு. அக்கா செய்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கொழும்பிலிருந்து அத்தான் போன் பண்ணி அதைக் கேட்டார். அத்தான் என்றால் அம்மாவின் அண்ணன் மகன். இப்போது விளம்பரப் படங்களுக்கும் கல்யாண மேடைகளுக்கும் வேண்டிய உருவங்கள் செய்து கொடுக்கும் பெரிய கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து, தன்னுடைய முதல் கவசத்தை அதற்குள் நிறுத்தப் போகிறாராம். எல்லாம் இருக்கிறதாம், கை மட்டும் இல்லையாம். "அந்த ஒத்தக் கை உங்க வீட்டுலதான இருக்கு? பஸ்ல குடுத்து விடேன்" என்றார். தன்னுடைய முதல் கவசம் என்று அவர் சொன்னபோது என் வாயில் வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கண்டி டவுனில் செருப்புக் கடை. தெல்தெனியப் பக்கத்துக் கம்பனி ஒன்றிலிருந்து சரக்கு வரும். செருப்பு வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற ரப்பர் தகடுகளை மூட்டைக்கு அடியில் போட்டு அனுப்புவார்கள். தகடு முழுக்கப் பாத வடிவத்தில் ஓட்டைகள் இருக்கும், ஒரு கூட்டமே அதன்மேல் நடந்து போன மாதிரி. மற்றவர்களுக்கு அது குப்பை. உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அது பொக்கிஷமாகிவிட்டது. சூடு காட்டினால் அந்த ரப்பர் வளையும், ஆறினால் வளைந்தபடியே நிற்கும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு அயன் பெட்டிக்கு வேறு உத்தியோகம் வந்தது. அம்மா சமையலுக்குச் சட்டியைத் தேடும்போது, அதன் முதுகில் ஒரு தோள்பட்டை ஆறிக்கொண்டிருக்கும்.

கொழும்பில் வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய மண்டபமொன்றில் வேஷப் போட்டி நடக்கும். விண்வெளி வீரன், இயந்திர மனிதன் என்று கற்பனைக் கதை வேஷங்கள் போட்டுக்கொண்டு வருவார்கள். அக்கா யாருடைய வேஷத்தையும் பார்த்துச் செய்யவில்லை. அவளுடையது அவளே நினைத்தெடுத்த ஒருத்தி. காற்றே இல்லாத ஒரு கிரகத்தில் பாலம் கட்டுகிறவள். நெஞ்சிலும் மணிக்கட்டிலும் உள்ள விளக்குகள், அவளிடம் இன்னும் எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று காட்டும். பச்சை என்றால் வேலை செய்யலாம். சிவப்பு என்றால் திரும்பிவிட வேண்டும். "சண்டைக்காரியா இருந்தா என்ன?" என்று கேட்டேன். "சண்டை போடத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கே" என்றாள்.

அளவெடுத்தது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்குப் போன பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் உடம்பைச் சுற்றிப் பொலித்தீன் தாளைச் சுற்றினேன். அதன்மேல் ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டிக்கொண்டே வந்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனையால் கோடு போட்டாள். பிறகு முதுகுப் பக்கமாகக் கத்தரித்துக் கழற்றினோம். கழற்றின கூடு அவள் உருவத்திலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தது. மெலிந்த தோள், ஒடுங்கின இடுப்பு, ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்த முதுகு. அந்தக் கோடுகளின்படிதான் ரப்பரை வெட்டினாள். அதனால் அந்தக் கவசம் உலகத்தில் ஒரே ஓர் உடம்புக்குத்தான் சரியாக இருக்கும். முடிந்த அன்று போட்டுக் காட்டினாள். எங்கள் சின்ன அறையில், கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்றாள். கல்லாவில் கூனிக் குறுகி உட்காருகிற அக்காவுக்கு இவ்வளவு உயரம் இருந்ததா என்று நான் வாயைப் பிளந்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை அந்த மேடையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார். தலைக்கவசத்தைத் தூக்கிப் பார்த்தார், தட்டினார், முகர்ந்தார். வாழ்நாள் முழுக்க அந்த வாசனையில் இருந்தவர் அல்லவா, உடனே தெரிந்துவிட்டது. "செருப்பு ரப்பரா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். "செருப்பு நமக்குச் சோறு போடுது, சரி. அதுக்காக அதைத் தலையில வச்சிக்கிட்டு ஊரு முன்னால போய் நிப்பியா? கல்யாணம் ஆகாத பொண்ணு." இதைச் சொன்னவர், செருப்பு விற்ற முதல் காசைத் தினமும் கண்ணில் ஒற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற மனிதர். காசுக்கு இல்லாத தீட்டு ரப்பருக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்க எனக்கு வயது போதவில்லை. வயது வந்த பிறகு கேட்டேன். அப்பா கல்லாக் காசை எண்ணத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்தார், கூடவே வேலை தேடிக்கொண்டிருந்த அத்தானும். கவசத்தைப் பார்த்ததும் அத்தானுக்குக் கண் விரிந்தது. மாமா வழி சொன்னார். வீணாக்குவானேன், பையன் போடட்டும், நாளைக்கு இந்த வீட்டு மாப்பிள்ளைதானே, அவனுக்கு வரும் பேர் அவளுக்கும் வந்த மாதிரிதானே என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. முறைமாப்பிள்ளை என்று வாயால் பேசிக்கொண்டிருந்த பேச்சு அன்றைக்குத்தான் கொஞ்சம் உறுதியானது. அத்தான் போட்டால் ரப்பர் செருப்பாகாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆம்பிளைத் தலையில் ஏறினால் செருப்பும் கிரீடம்தான் போலிருக்கிறது.

அக்கா தலைக்கவசத்தை அப்பா கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு அத்தானைப் பார்த்துச் சொன்னாள். "போட்டுக்கங்க. செஞ்சது நான்னு மட்டும் மேடையில சொல்லணும்." அத்தான் உடனே சரி என்றார்.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அத்தானுக்குக் கவசம் போதவில்லை. அதை அக்காவே திருத்த வேண்டியிருந்தது. விலாப் பக்கம் இரண்டையும் கத்தியால் பிளந்தாள். கறுப்புத் தகடு தீர்ந்துவிட்டதால் நீலச் செருப்பு ரப்பரை வெட்டி இடையில் ஒட்டினாள். நெஞ்சுப் பலகை அவளுடைய நெஞ்சுக்கு வளைத்தது. அதன்மேல் துணியைப் போட்டு, அயன் பெட்டியை வைத்து, தட்டையாகும் வரைக்கும் அழுத்தினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அழுதாளா என்றால் இல்லை. அழுத்தும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கையுறையை மட்டும் திருத்த முடியவில்லை. அத்தான் வலது கையைப் பலவந்தமாக நுழைத்து அதைக் கிழித்துவிட்டார். இடது கையை அக்கா வாங்கி வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற கறுப்பு உறை போதும் என்றாள்.

கவசத்தைப் படுக்கை விரிப்பில் மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம். அக்காவும் வந்தாள், துணைக்கு அம்மாவும் நானும். சனத்துக்குள் உட்கார்ந்து, தான் நிற்க வேண்டிய மேடையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் நன்றாகத்தான் நடந்தார், பொய் சொல்லக் கூடாது. கைதட்டல் ஓயவில்லை. முதல் பரிசு என்று சொல்லிவிட்டு, யார் செய்தது என்று மைக்கை நீட்டினார்கள். "நானேதான் செஞ்சேன், வீட்டுலயும் ஹெல்ப் பண்ணாங்க" என்றார். நெஞ்சு விளக்கு எதற்கு என்று கேட்டார்கள். எதிரி கிட்ட வந்தால் சிவப்பாகும் என்றார். அக்கா அதற்குச் சிரித்துவிட்டாள். அவள் மனம் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. விலாவில் ஓடுகிற நீலக் கோடுகளை நல்ல கற்பனை என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பரிசைப் பிடித்துக்கொண்டு அத்தானுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த கையோடு மாமாவுக்கு அங்கேயே ஒரு சம்பந்தமும் கிடைத்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காவின் கையைப் பிடித்து, அவனை மறந்துவிடு, உனக்கு ராஜா மாதிரி ஒருத்தன் வருவான் என்று ஆறுதல் சொன்னார்கள். அம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழவு ஒன்று, இவர்கள் விசாரித்த துக்கம் வேறொன்று. அத்தானை அவள் எப்போதாவது ஏறெடுத்துப் பார்த்திருந்தால்தானே மறக்க. ஒருநாள் வந்தவர்கள் போன பிறகு, "எல்லாரும் மாப்பிள்ளை போயிட்டாரேன்னு அழுறாங்கடி" என்றாள். ரப்பர் தகடுகளை அப்பா குப்பை லொறியில் ஏற்றி அனுப்பினார். அக்கா தடுக்கவில்லை.

இப்போது அவள் புசல்லாவையில் இருக்கிறாள். புருஷனுக்குத் துணிக்கடை. நல்ல மனிதர், இரண்டு பிள்ளைகள். கல்லாவில் அவள்தான் உட்காருகிறாள், அதே கூனலோடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேஷப் போட்டி வந்தால் கடையில் வாங்கிப் போட்டுவிடுகிறாள்.

அத்தான் கேட்டதை அவளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. போனில் சொன்னேன். கடையில் யாருக்கோ துணி கிழிக்கிற சத்தம் கேட்டது. அவள் முடித்துவிட்டு வந்தாள்.

"அவருதான செஞ்சாரு? இன்னொண்ணு செஞ்சுக்கச் சொல்லு" என்றாள்.

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அத்தானிடம் ஒப்பித்தேன். அவர் முதலில் சிரித்தார். நானும் சிரிக்கக் காத்திருந்தார். பிறகு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

போன வாரம் ஒரு சொந்தக்காரர் அந்தக் கடை வாசலில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். கண்ணாடிப் பெட்டி பெரிதாக இருக்கிறது. கீழே தங்க எழுத்தில் அத்தான் பெயர். விலாவில் நீலம் அப்படியே இருக்கிறது, நெஞ்சு தட்டையாக இருக்கிறது. அவரிடம் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், என்னென்னவோ மெஷின் இருக்கிறது. ஆனால் எந்தக் கைக்கு அளவெடுப்பது என்று தெரியவில்லை போலும். கவசம் மாட்டிய பொம்மையின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மடித்து நிறுத்தியிருக்கிறார்கள், பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிற ஆளைப் போல.

படத்தை அக்காவுக்கு அனுப்பவில்லை. அலுமாரியைத் திறந்து கையுறையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். என் கட்டைவிரலே உள்ளே போகவில்லை. மணிக்கட்டு விளக்கை அழுத்தினேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. திரும்ப அதே இடத்தில், கூறைச் சேலைக்குப் பின்னால் வைத்தேன்.