வேலாயுதம் சொன்ன வழி

வேலாயுதத்துக்குப் பொதுவாகவே மனிதர்களைப் பிடிக்காது. கல்லூரிப் பிள்ளைகள் லோரி ஓட்ட வந்த பிறகு அந்தப் பிடிக்காமைக்கு ஓர் இலக்கு கிடைத்துவிட்டது.

பண்டமாரானில் வீடு. காப்பார் பக்கத்துச் சிறு தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டும் வேலையில் இருபத்தாறு வருஷம் ஓடியிருந்தது. ஆலை வாசலில் காத்திருக்கும்போது மற்ற ஓட்டுநர்கள் ஒரே மேசையில் தே தாரேக் தேநீர் குடிப்பார்கள். இவர் லோரிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். தன் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் திருப்திகூட.

அந்த ஆண்டு செப்டம்பரில் பழம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதே சமயம் பழைய ஓட்டுநர்கள் இரண்டு பேர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் ஓட்டப் போய்விட்டார்கள். முதலாளி இராமலிங்கம் வேறு வழியில்லாமல், லோரி லைசென்ஸ் வைத்திருந்த மூன்று கல்லூரி மாணவர்களை விடுமுறைக்கு வேலைக்கு எடுத்தார்.

"ரெண்டு மாசம்தான் வேலு. பழம் குறைஞ்சதும் படிக்கப் போயிருவாங்க லா."

"படிக்கிறதுங்க படிக்கட்டும் பாஸ். என் நடையை எதுக்குப் பிடுங்கி அதுங்களுக்குக் குடுக்குறீங்க?"

"வெட்டின குலையெல்லாம் தரையில கெடந்து அழுகுது. உன் ஒருத்தனால முடியுமா?"

வேலாயுதம் பத்தே நாளில் இரண்டு பேரை விரட்டிவிட்டார். ஒருவனுடைய லோரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய், ஆலைவரை ஹார்ன் அடித்தே அவனை ஓடவைத்தார். இன்னொருவன் ஸ்டியரிங்கிலேயே தூங்குகிறான் என்று தோட்டக்காரர்களிடம் பரப்பினார். மூன்றாவது ஆள்தான் மாதவி.

மாதவிக்கு இருபத்திரண்டு வயது. கிள்ளானில் வீடு, செமினி பக்கம் ஒரு கல்லூரியில் படிப்பு. ஹார்னுக்கு அவள் பயப்படவில்லை. கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் தன் வேகத்திலேயே போனாள். குறுகலான பாதையிலும் ஒரே தடவையில் பின்னால் எடுத்து நிறுத்தினாள். குலை ஏற்றும் பங்களாதேஷ் தொழிலாளிகள் அவள் லோரி என்றால் முந்திக்கொண்டு ஏறினார்கள். அவர்கள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவள் வண்டியை நகர்த்த மாட்டாள். வேலாயுதத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

ஒருநாள் ஆலை வாசலில் எடைமேடைக்காரன் அவளை முதலில் கூப்பிட்டான். வேலாயுதம் இறங்கி வந்து அவள் கதவைத் தட்டினார்.

"நான் எப்ப வந்தேன், நீ எப்ப வந்தே?"

"நம்பர் குடுத்திருக்காங்க அங்கிள். என்னோடது உங்களுக்கு முன்னாடி."

"பொம்பளப் புள்ளன்னா எல்லாவனும் பல்லைக் காட்டுறான். அந்தத் திமிருதானே?"

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு லோரியை மேடைக்கு ஓட்டிப்போனாள். பக்கத்தில் நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதில் வேலாயுதத்துக்குச் சந்தேகமே இல்லை.

அக்டோபரில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் மதியம் அவருக்கு மாதவியிடமிருந்து போன் வந்தது. கடைசித் தோட்டத்தில் அவள் குலை ஏற்றி முடித்திருந்தாள். ஆனால் உள்ளே வந்த வழியில் தோட்டத்து வாய்க்காலான பாரிட்டைத் தோண்டுகிற எக்ஸ்கவேட்டர் பழுதாகிக் குறுக்கே நின்றது. வேறு வழி தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான் என்று இராமலிங்கம் சொல்லியிருந்தார்.

"பின்பக்கமா ஒரு பாதை ரெண்டாப் பிரியுது அங்கிள். எதுல போகணும்?"

வலப்பக்கம் கல் போட்ட பாதை. இடப்பக்கத்துப் பாதையின் ஓரத்தைத் தண்ணீர் அரித்துத் தின்றிருந்ததை அவர் முந்தாநாள்தான் பார்த்திருந்தார். சொல்வதற்குமுன் அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"லெஃப்ட்ல போ."

"மழை பேஞ்சிருக்கே, லோடு தாங்குமா?"

"இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன். கேட்டா கேளு, இல்லாட்டி விடு."

நாலு டயரும் சேற்றில் புதையும்; சாயங்காலம்வரை அழுதுகொண்டு நிற்பாள்; நாளைக்கு வர மாட்டாள். அவர் நினைத்தது அவ்வளவுதான்.

அரைமணி நேரத்தில் இராமலிங்கம் கூப்பிட்டார். "இரும்புக் கயிறு எடுத்துக்கிட்டு உடனே போ வேலு. லோரி பாரிட்ல சாய்ஞ்சிருச்சு. ரபீக்குக்கு அடி."

வேலாயுதம் போனபோது லோரி இடப்பக்கமாகப் பாதி படுத்திருந்தது. குலைகள் வலையைக் கிழித்துக்கொண்டு பாரிட்டில் மிதந்தன. குலை ஏற்றும் ரபீக், வண்டி சாய்ந்ததும் கதவைத் திறந்து குதித்திருக்கிறான். மேலே இருந்து உருண்ட குலை அவன் தோளில் விழுந்திருந்தது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய்ச் சேற்றில் உட்கார்ந்திருந்தான். மாதவி தன் துப்பட்டாவால் அந்தக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலாயுதத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதானே லெஃப்ட்ல போகச் சொன்னீங்க?"

இராமலிங்கம் தன் காரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். வேலாயுதம் அவர் காதில் விழும்படியாகவே சொன்னார்.

"ரைட்டுன்னுதான் சொன்னேன். ரைட்டு எது, லெஃப்டு எதுன்னு தெரியாம லோரி ஓட்ட வந்துட்டு என்மேல பழி போடுறியா?"

"யார் என்ன சொன்னாங்கன்னு அப்புறம் பார்க்கலாம்" என்றார் இராமலிங்கம். "முதல்ல இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்." ரபீக்கும் மாதவியும் அவர் காரில் ஏறிப்போனார்கள். லோரியை இழுத்து நிமிர்த்த மாலையாகிவிட்டது. அவ்வளவு நேரமும் வேலாயுதம் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். மெதுவாகப் போயிருந்தால் சாய்ந்திருக்குமா? கொஞ்சமாவது இறங்கிப் பார்த்திருக்க வேண்டாமா? திட்டத் திட்ட, தப்பு முழுக்க அவளுடையதுதான் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

மறுநாள் காலை அவருடைய லோரியில் யாரும் ஏறவில்லை. சண்டையில்லை, சத்தமில்லை. தொழிலாளிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வேறு லோரிகளில் ஏறினார்கள். மாதவி மாற்று லோரியோடு வந்திருந்தாள். அதில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் போய்விடும் என்று நினைத்தார். ஒரு வாரமாகியும் அதேதான். ஐம்பத்துமூன்று வயதில் ஒவ்வொரு குலையாகக் கம்பியில் குத்தி அவரே மேலே எறிந்தார். ஐந்தாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

எட்டாம் நாள் லோரிகள் நிறுத்தும் பட்டறையில் மாதவியை மறித்தார்.

"என்னைப் பத்தி என்ன சொல்லிவச்சிருக்கே அவனுங்ககிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

"பொய் சொல்லாதே."

"போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு அங்கிள். ரபீக் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். தினமும் லோரிக்குப் பின்னாடி நின்னு லெஃப்ட், ரைட்டுன்னு கத்துறவன். அவனுக்கு அது புரியாதா? அன்னிக்கு ராத்திரியே அவங்ககிட்ட சொல்லிட்டான்." அவள் குரல் உயரவேயில்லை. "சும்மா அடின்னா ஒரு மாசத்துல வந்திருப்பான். தோள் எலும்பு மூணா உடைஞ்சிருக்கு. இனிமே அந்தக் கையால குலை தூக்க முடியாதாம். பாஸ்கிட்ட நேத்துதான் எல்லாத்தையும் சொன்னான்."

சொல்லிவிட்டு அவள் தன் லோரிப் பக்கம் நடந்தாள்.

இராமலிங்கம் அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை, ஆள் பற்றாக்குறை. வேறு வேலை கொடுத்தார். ஆலையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் வெற்றுக் குலைகளை உரத்துக்காகத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிற வேலை. ஏற்றுவதற்கு ஆலையில் இயந்திரம் உண்டு. போய்ச் சேர்ந்ததும் பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டிவிடலாம். கூட ஓர் ஆள் தேவையில்லை. "உனக்கு இதுதான் சரி" என்றார் இராமலிங்கம், அவர் முகத்தைப் பார்க்காமலே.

அன்று வீட்டில் வேலாயுதத்தின் மனைவி தனலெட்சுமி இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். கடைத்தெருவில் அவள் காதுக்கும் பேச்சு வந்திருந்தது.

"அந்தப் புள்ளைக்குத் தப்பு வழி சொன்னது நெசமா?"

"எந்தப் புள்ள?"

தனலெட்சுமி கையை எடுத்துக்கொண்டாள். தைலப் புட்டியை மூடி அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளிலிருந்து அவரே தேய்த்துக்கொண்டார், எட்டிய இடம்வரை.

நவம்பரில் பழம் குறைந்தது. மாதவி செமினிக்குத் திரும்பிப் போனாள். ரபீக்கை இராமலிங்கம் பட்டறை வாசலில் கதவு திறக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டார். வேலாயுதத்தின் லோரி வரும்போதும் அவன் எழுந்து, இடது கையால் கதவைத் தள்ளித் திறந்துவிடுகிறான். ஒரு நாளைக்கு நான்கு தடவை. வேலாயுதம் நேரே பார்த்தபடி ஓட்டிப்போய்விடுகிறார்.