ஒடியாத போல்ட்

கோவில்பட்டியில் டிராக்டர் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இயந்திரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, எங்கே உடையும் என்று சொல்வது என் வேலை. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து படம் போடுகிற பொம்பளை என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

உளுந்து அடிக்கும் இயந்திரத்தின் புது மாடல் தை அறுவடைக்கு முன்னால் வெளியே போக வேண்டும். செடியோடு கல் உள்ளே போனால், உள்ளே சுழன்று அடிக்கும் உருளையின் மேல்மூடி தாங்குமா என்று பார்க்கச் சொன்னார்கள். அந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றுதான் ஆட்கள் செடியை அள்ளிப் போடுவார்கள். மூடி கிழிந்தால் தகடு அவர்கள் முகத்தில்தான் பாயும்.

மென்பொருளில் உருளைக்கு வேகத்தை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். சைக்கிளை ஒரு தள்ளு தள்ளிக் கையை எடுப்பதுபோல, ஆரம்பத்தில் மட்டும் கொடுக்கலாம். இல்லையென்றால், விடாமல் மிதிப்பதுபோல கடைசிவரை அதே வேகத்தைக் கொடுக்கலாம்.

மேனேஜர் முதல் வகையைப் போடச் சொன்னார். கல் மாட்டினால், டிராக்டரிலிருந்து உருளையைச் சுற்றவைக்கும் தண்டில் இருக்கும் மெல்லிய போல்ட் ஒடியும், டிராக்டரின் இழுப்பு நிற்கும், உருளை ஓய்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. பழைய மாடலிலிருந்தே அந்த போல்ட்டை வைத்தது அவர்தான். போட்டேன். திரையில் மூடி முழுக்கப் பச்சை, ஆபத்தில்லை என்று அர்த்தம். மெல்லிய தகடே போதும் என்று வந்தது.

பிறகு இரண்டாவது வகையைப் போட்டேன். மூடி கிழிந்தது.

“ஏம்மா, போல்ட் ஒடிஞ்ச பொறவு எவன் சுத்துதான்? பேயா சுத்துது?” என்றார்.

“போல்ட் ஒடியாது அண்ணாச்சி.”

“ஒடியத்தான வெச்சிருக்கு.”

எனக்கு எரிச்சலாக வந்தது. இடைசெவலில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எங்கள் பழைய மாடலை டிராக்டரில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக உளுந்தடிக்கப் போகிறவர் அவர்.

“அப்பா, தண்டுல மெல்லிசா ஒரு போல்ட் உண்டுல்லா, அது இருக்கா?”

“அது எப்பவோ போச்சுட்டி. கல்லு பட்டா படக்குன்னு ஒடியுது. களத்துல அத்தன பேரும் சும்மா நிக்காவ, மேல மழ இருட்டிட்டு வருது. கயத்தாறு லாரிப் பட்டறைல கெட்டி போல்ட் வாங்கி மாட்டிட்டேன். எல்லாரும் அதத்தான் செய்யுதாவ. ஆமா, அந்த வெண்ணெய் போல்ட்ட எந்தக் கிறுக்கன் வெச்சான்?”

“பக்கத்துலதான் இருக்காவ” என்று போனை வைத்தேன்.

மேனேஜர் முகம் கறுத்தது. “மாத்துனா அது அவிய பாடு. மாத்தக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கோம்.”

“புஸ்தகத்த எவன் களத்துக்குக் கொண்டுட்டுப் போறான்?”

அப்பா செய்வது தப்புதான். அதற்காக அவரிடம் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் போல்ட்டை மாற்றியவர் டிராக்டரில் இருப்பார். மூடிக்குப் பக்கத்தில் நிற்பது கூலிக்கு வந்த ஆள்.

“மொதல்ல வந்த பச்சையவே அனுப்பு” என்றார்.

“அனுப்புதேன். கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் போட மாட்டேன்.”

பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள், மூடிக்குக் கனத்த தகடு வெட்டச் சொல்லிவிட்டாராம். என்னிடம் சொல்லவில்லை, வெல்டர் சொல்லித்தான் தெரியும்.

அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: ‘களத்தில் போல்ட்டை மாற்றுகிறார்கள், அதனால் வேகம் குறையாது.’ அதை எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். எடுக்கவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.