கரியாலூர் டீக்கடையில் கிழிக்க முடியாத வெள்ளிக்கிழமை

மூன்று வாரமாக ஒரு வரிகூட எழுதவில்லை. வாரப் பத்திரிகை நடத்தும் என் அண்ணன் மகன் போன வியாழக்கிழமை போன் செய்தான். "சித்தப்பா, நாளைக்கு நாலு மணிக்குள்ள கட்டுரை வரலன்னா உங்க எடத்துல ராசிபலன் போட்டுடுவேன். அப்புறம் அதான் பர்மனென்ட்டு." பதினோரு வருடமாக நான் கட்டி ஆண்ட பேரரசு அந்த அரைப் பக்கம். மலைக்குப் போனால் கற்பனை ஊறும் என்கிறார்களே, பார்த்துவிடுவோம் என்று மறுநாள் விடியற்காலையில் கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் 6.40க்கு பஸ். கரியாலூருக்கு நாற்பது ரூபாய், சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கோமுகி அணை தாண்டி முதல் வளைவில் என் இதயம் ஜன்னல் வழியே குதித்து அணைக்குள் விழுந்தது. தாளை மறந்துவிட்டேன்!

எனக்கொரு பழக்கம். விடிந்ததும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில்தான் எழுதுவேன். வேறு காகிதத்தில் பேனா நகராது. பையில் இருநூறு பக்க நோட்டு இருந்தது. அதுவும் நானும் பெரியார் அருவிக்கு எதிரே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அருவி கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்கு வியர்வைதான் வந்தது.

பன்னிரண்டரைக்கு கரியாலூரில் ஒரு டீக்கடை. சுவரில் காலண்டர். வெள்ளிக்கிழமைத் தாள் முழுசாக! கடை நடத்துபவர் களமருதூர்ப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அம்மா.

"இன்னா சார், காலண்டரையே பாத்துக்கினு இருக்கீங்க? கல்யாணத்துக்கு நாள் பாக்குறீங்களா? உங்களுக்கா?"

"ஏம்மா, இன்னிக்குத் தாளைக் கிழிச்சுக் குடு. பத்து போண்டா வாங்கிக்கிறேன்."

"நூறு வாங்குனாலும் தர மாட்டேங்க. கடைசி பஸ்ஸு போயி, கடை சாத்துறப்பதான் கிழிப்பேன். முடியாத நாளைக் கிழிச்சா அது எப்படிங்க முடியும்?"

"நேத்துத் தாள்?"

"அதுல போண்டா மடிச்சுக் குடுத்துட்டேன்."

என் பேரரசு கவிழப்போகும் கதையைச் சொன்னேன். அந்தம்மா சிரித்த சிரிப்பில் பாய்லர் மூடி எகிறி சேலம் வரை போயிருக்கும். பிறகு காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, பெஞ்சைத் துடைத்து வைத்தார். "கிழிக்காம எழுதிக்குங்க. கையை வெச்சுக்கினு சும்மா இருக்கணும், ஆமா."

தாளைத் தூக்கிப் புரட்டி, ஒரு கையில் போண்டா, மறு கையில் பேனாவுடன் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளை அது விடியும்போதே கிழிக்கும் ஒருவனையும், முடிந்தபின் கிழிக்கும் ஒருத்தியையும் பற்றி. நடுவில் டீ குடிக்க வந்தவர், "எமகண்டம் எத்தினி மணிக்குங்க?" என்றார். புரட்டிப் படித்தேன்: மூன்று முதல் நாலரை. என் நாலு மணி சரியாக அதன் வயிற்றுக்குள்!

மூன்று மணிக்கு முடித்து, போனில் படம் எடுத்தேன். "அந்தப் பலா மரத்தாண்ட போங்க, அங்கதான் டவர் எடுக்கும்" என்றார் அந்தம்மா. அனுப்பிவிட்டு, 3.10 பஸ்ஸில் ஏறினேன். கோமுகி அணை அருகே, 3.48க்குப் பதில் வந்தது.

"சித்தப்பா, கடைசி வரி மேல எண்ணெய்க் கறை. இன்னா எழுதனீங்க? சீக்கிரம்."

யோசித்தேன். ஒரு எழுத்துகூட நினைவில்லை. தாள் மலைமேல். பன்னிரண்டு நிமிடம். கடைசியில் போனிலேயே, கட்டைவிரலால் தட்டினேன்: "முடியாத நாளைக் கிழித்தால் அது எப்படி முடியும்?" மணி 3.57.

"சூப்பர் சித்தப்பா. நீங்க எழுதன மாதிரியே இல்ல."

அரைப் பக்கம் பிழைத்தது. ஆனால் அடுத்த வெள்ளியும் வரும். இன்று பொழுது சாயப்போகிறது, வீட்டுக் காலண்டரில் இன்னும் கை வைக்கவில்லை. முடியுமுன் கிழிக்கப் பயமாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸைப் பிடியுங்கள். அவசர போன் பேச்சை முதல் வளைவுக்கு முன்பே பேசிவிடுங்கள், மேலே டவர் அரிது. அந்தக் கடையில் போண்டா மடித்த தாளில் கோணல் கையெழுத்து தெரிந்தால், எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கடைசி வரியைப் படித்து எனக்கு எழுதுங்கள். நான் என்னதான் எழுதினேன் என்று தெரிந்தாக வேண்டும்.