மூன்று பேரையும் சமாதானம் செய்த கட்டுரை

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுரை வகுப்பில் சைக்ளோஸ்டைல் தாள்களில் மூன்று கட்டுரைகள் கொடுத்தார்கள். மூன்றும் கூட்டுக்குடும்பத்தைப் பற்றியவை. ஒருவர் அதைப் போற்றினார், ஒருவர் தூற்றினார், மூன்றாமவர் காலம் பார்த்துக்கொள்ளும் என்று நழுவினார். மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, நம் முடிவோடு ஒரே கட்டுரையாக எழுத வேண்டும்.

எழுதினேன். அவர் சொல்வதும் சரி, இவர் சொல்வதும் சரி, விட்டுக்கொடுத்தால் எல்லாரும் நன்றாக வாழலாம் என்று முடித்தேன். கையெழுத்து மட்டும் முத்துமுத்தாக இருந்தது. பேராசிரியர் மார்க் போடாமல் சிவப்பு மையில், "மூன்று பேரையும் சமாதானம் செய்து அனுப்பிவிட்டாய். உன் முடிவு எங்கே?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அச்சில் பெயர் வந்த பெரிய மனிதர்களைத் தப்பென்று சொல்ல, பஸ்ஸில் வந்து போகும் ஒரு பெண்ணால் ஆகுமா?

அந்த வாரம் அக்கா, கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது பெரிய குடும்பம். காய்ச்சலோடு கிணற்றடியில் மயங்கி விழுந்திருக்கிறாள். எழுந்ததும் உலை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே பஸ் ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். கடைசியில் எங்கள் பெரிய மாமா சொன்னார்:

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குது. கொஞ்சம் அனுசரிச்சுப் போனா எல்லாம் சரியாப் பூடும். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிம்போங்க."

என் கடைசிப் பத்தி அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் சாயங்காலம் கட்டுரையை அடித்துத் திருத்த உட்கார்ந்தேன். போற்றியவருக்குப் பசித்த நேரத்தில் சோறு வந்திருக்கிறது. தூற்றியவர் பெண்களுக்காக உருகினாலும், அவர்களில் ஒருத்தியிடமாவது பேசியதாகத் தெரியவில்லை. மூன்றாமவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடுப்படியில் நிற்கிறவளைக் கேட்காமல் சொல்லும் நியாயம் நியாயமே இல்லை என்று முடித்தேன்.

பக்கத்தில் அக்கா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டச் சொன்னாள். முதல் பத்தி முடிவதற்குள் நிறுத்தினாள்.

"இன்னும் சத்தமாப் படி. அப்பா வாசல்ல சைக்கிளுக்குக் காத்து அடிக்கிறாரு."

உரக்கப் படித்தேன். பம்பு அடிக்கும் சத்தம் நின்றது. படித்து முடித்தும் அப்பா உள்ளே வரவில்லை.

கட்டுரைக்குச் சுமாரான மார்க்தான். "ஆவேசம் அதிகம், ஆனால் முடிவு இருக்கிறது" என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அம்மா அக்காவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். அப்பா அவர்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அவர்கள் குடித்து முடித்தார்கள். பிறகு எல்லார் முன்னாலும் அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லும்மா. போறியா?"

கல்யாணத்துக்குக்கூட அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அக்கா அப்பா பக்கமாகத் திரும்பினாள்.

"போவலப்பா" என்றாள்.