எடுத்த சீட்டைத் திரும்பப் போடணும்

போன வெள்ளிக்கிழமை காலை என் மருமகள் எஸ்தர் நாஷ்டாவைத் தொடவே இல்லை. இட்லி ஆறிப்போய்க் கிடந்தது. அவள் கம்ப்யூட்டரையே பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேஜாராகிவிட்டது.

மணவாள நகரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுக்கு ஆபீஸ். குழந்தைக்காக வேலையை விட்டிருந்தவள், இப்போதுதான் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆக்குவார்களா, ‘போய் வாம்மா’ என்பார்களா... அந்த வாரம்தான் தெரியும்.

என்ன வேலை என்கிறீர்களா? ஒரு ஆப்பை ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேர் தொட்டால் அது தாங்குமா என்று பார்ப்பது. லோட் டெஸ்ட் என்பாள். ஆட்கள் வேண்டாமாம். கம்ப்யூட்டரே பொய்க்கூட்டம் சேர்த்து, நெருக்கித் தள்ளிப் பார்க்குமாம்!

இந்தத் தடவை வந்தது கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கான ஆப். ஷிப்டுக்கு வருகிறவர்கள் கேட்டில் போனைக் காட்டினால் வருகை பதிவாகும். ஷிப்டு பஸ்கள் எப்படி வரும் என்று அந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை — மொத்தமாக வந்து நிற்கும், மொத்தக் கூட்டமும் ஒன்றாக இறங்கும். கேட்டில் ஆப் சுற்றிக்கொண்டே நின்றால் ‘லேட்’ விழும். அரை நாள் சம்பளம் போகும். என் மகன் சேகரும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

எஸ்தர் ஏழு தடவை டெஸ்ட் பண்ணியிருந்தாள். ஒரு ஆள் கேட்டில் சராசரியாக எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்தது. ஆறு தடவை இரண்டு, மூன்று நொடிதான். ஒரே ஒரு தடவை மட்டும் ஏழு. மொத்தச் சராசரி மூன்றரையைத் தாண்டாது என்று அடித்துச் சொன்னால்தான் ஆப்பை வெளியே விடலாம் என்பது பேச்சு. அந்த ஒரு ஏழால்தான் இழுபறி.

போன் அடித்தது. அவளுக்கு மேலே இருக்கிற லீட். ஸ்பீக்கரில் போட்டாள்.

“எஸ்தர், ஏழு நொடி வந்த அந்த ஒரு டெஸ்ட் ரன்னைத் தூக்கிடுங்க. ஏதோ நெட் பிரச்சனையா இருக்கும். சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்புங்க.”

“சார், நெட்டெல்லாம் பார்த்தேன். ஒழுங்காத்தான் இருந்துச்சு. தூக்கறதுக்குக் காரணம் வேணும்ல சார்?”

“உங்க கன்ஃபர்மேஷனும் இப்ப என் டேபிள்லதான் இருக்கு. நேரத்துக்கு முடிச்சா எல்லாருக்கும் நல்லதும்மா.”

போனை வைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள்.

“அத்த, உங்க பாத்திரச் சீட்டு டப்பாவ எடுத்துக்கினு வாங்க.”

எங்கள் தெருப் பெண்களுக்கு நான் பாத்திரச் சீட்டு நடத்துவது உங்களில் பலருக்குத் தெரியும். மாதா மாதம் பெயர்களைக் குலுக்கி ஒன்றை எடுப்போம். வந்தவளுக்கு ஒரு குண்டானோ தவலையோ.

எஸ்தர் ஏழு துண்டுக் காகிதத்தில் அந்த ஏழு கணக்கையும் எழுதி டப்பாவில் போட்டாள். “இதுல ஏழு தபா எடுத்து, கூட்டி, ஏழால வகுக்கணும். அப்புறம் முதல்லேந்து எடுக்கணும். கம்ப்யூட்டர் இத ஆயிரக்கணக்குல பண்ணும். ஆனா கஸ்டமருக்கு எப்படிப் புரிய வைக்கறதுன்னு தெரியல. உங்களுக்குச் சொல்லிப் பாக்கறேன்...” என்று சொல்லும்போதே குழந்தை அழுதது. எழுந்து உள்ளே ஓடினாள்.

சரி, அவள் வருவதற்குள் நாமே செய்து வைப்போமே என்று உட்கார்ந்தேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள்தான் என்றாலும் வகுத்தல் மறக்கவில்லை. குலுக்கினேன், எடுத்தேன், ஓரமாக வைத்தேன். ஏழும் எடுத்துக் கூட்டினால் இருபத்தொன்று. வகுத்தால் மூன்று. திரும்பக் குலுக்கினேன். அதே மூன்று. இன்னொரு தடவை. மூன்றேதான்!

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவளிடம், “இன்னாத்துக்கு பயப்படற? எத்தினி தபா எடுத்தாலும் மூணுதான் வருது. தைரியமா அனுப்பு!” என்றேன்.

அவள் ஓரத்தில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தாள். சிரித்தாள் பாருங்கள்... அந்த வாரத்தில் அவள் சிரித்ததே அப்போதுதான்.

“ஐயோ அத்த! எடுத்த சீட்ட வெளிய வெச்சுக்கினே இருந்தா மூணத் தவிர இன்னா வரும்? ஏழு சீட்டையும் எந்த வரிசைல எடுத்தாலும் கூட்டினா அதேதானே?”

“வந்த பேரு வெளிய போய்டணும். அதான் சீட்டு. இல்லன்னா ஒருத்தியே ரெண்டு குண்டான் தூக்கிக்கினு போவா.”

“உங்க சீட்டுக்கு அது நியாயம். இதுக்கு, எடுத்தத திருப்பிப் போட்டுட்டுத்தான் அடுத்தது எடுக்கணும். ஒண்ணே ரெண்டு தபாகூட வரலாம். வராமலும் போகலாம். நாம பாத்தது வெறும் ஏழு தபாதான். நெஜத்துல எது எத்தினி தபா வரும்னு யாருக்குத் தெரியும்?”

திருப்பிப் போட்டு எடுத்தேன். முதல் சுற்றில் அந்த ஏழு நொடிச் சீட்டு வரவே இல்லை. சராசரி மூன்றுக்கும் குறைவு. அடுத்த சுற்றில் இரண்டு தடவை வந்து தொலைத்தது. மூன்றரை தாண்டிவிட்டது.

“கம்ப்யூட்டர்லயும் இதேதான். ஏறக்குறைய நாலு சுத்துக்கு ஒண்ணு மூணரையத் தாண்டுது,” என்றாள். சிரிப்பு போய்விட்டது. “தாங்கும்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாது அத்த. அந்த ஒண்ண தூக்கிட்டா தாங்கும்னு வரும். கேட்ல நிக்கறது உங்க புள்ள மாதிரி ஆளுங்க.”

டப்பாவை மூடினேன்.

ஆனால் யோசித்துக்கொண்டே இருந்தேன். நாம் ஆட்களையும் இப்படித்தானே கணக்குப் போடுகிறோம்? சொந்தப் பிள்ளை ஒரு நாள் மோசமாக நடந்தால், ‘அன்னிக்கு ஏதோ மனசு சரியில்ல’ என்று அந்த ஒரு சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம். மருமகள் என்றால்? நல்ல சீட்டெல்லாம் ஓரமாகப் போய்விடும். அந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்போம். எத்தனை வீடுகள் இப்படி! ஒன்றையும் தூக்காமல், ஒன்றையே பிடித்துத் தொங்காமல் குலுக்குகிற மாமியார் யாராவது உண்டா? இருந்தால் எழுதுங்கள்.

சாயங்காலம் எஸ்தர் ரிப்போர்ட் அனுப்பினாள். ஏழு கணக்கும் அப்படியே இருந்தது. ‘இப்போதைக்கு உறுதி சொல்ல முடியாது, இன்னும் பல தடவை டெஸ்ட் பண்ண வேண்டும்’ என்று எழுதியிருந்தாளாம். அனுப்பிவிட்டு, ஆறின இட்லியைத் தானாகவே எடுத்துச் சாப்பிட்டாள்.

லீட் இரண்டு நாள் பேசவே இல்லை. ஷிப்டு முடிந்து வந்த சேகர், “வேல போனா போவட்டும், வுடு,” என்றான். அவள் தூங்கியிருக்க மாட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திங்கட்கிழமை போன் வந்தது. இன்னும் டெஸ்ட் பண்ணச் சொன்னார்கள். பண்ணினாள். அந்த மோசமான கணக்கு மறுபடியும் வந்தது, ஒரு தடவைக்கு மேலேயே. ஆப்பைச் சரி பண்ணிவிட்டுத்தான் விடுவதாக முடிவாயிற்று.

“நல்லவேளை தூக்கலைம்மா,” என்றார் லீட். அடுத்த மூச்சிலேயே, “கன்ஃபர்மேஷன் மட்டும் மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். ரிலீஸ் தள்ளிப்போனதுல மேல கொஞ்சம் வருத்தம்,” என்றார்.

எஸ்தர் போனை வைத்துவிட்டு, “என்னையும் இன்னும் டெஸ்ட் பண்ணணுமாம் அத்த,” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

என்னால் என்ன செய்ய முடிந்தது? பக்கத்தில் போய் நின்றேன். தலையைத் தடவலாம் என்று கை நீட்டினேன்... கூச்சம். அவள் தோளில் இருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் அவள் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பாள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன் — எஸ்தர், நீ செய்ததுதான் சரி. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

படித்துவிட்டு எதிரில் வந்து நிற்காதே, தாயே... எனக்கு வெட்கமாக இருக்கும்!