ஒரு ஏக்கர் புலி

இன்று காலை கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கமான என் கிறுக்குத்தனத்தை ஆரம்பித்தேன். செல்போனில் செயற்கைக்கோள் மேப்பைத் திறந்து, ஏதாவது ஓர் உயிரியல் பூங்காவில் விலங்கை அடைத்திருக்கும் இடத்தின் மூலைகளில் புள்ளி வைத்துப் பரப்பளவு பார்ப்பேன். இன்று ஒரு புலி மாட்டியது.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"சர்வேயருங்களா?"

"இல்லக்கா. புலிய எவ்ளோ எடத்துல வச்சிருக்காங்கன்னு பாக்கறேன்."

"எவ்ளோ வருது?"

"ஒரு ஏக்கர். புலிக்கு ரொம்ப கம்மிக்கா, பாவம்."

இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும், "சிக்னல் போறதுக்குள்ள எங்க கொல்லிய அளந்து காட்டுங்க" என்றார். நான் சர்வேயர் இல்லை என்பதை அவர் நம்பவே இல்லை.

பாறை, பலா மரம், அடுத்தவர் வேலி என்று அவர் விரல் காட்டிய இடமெல்லாம் புள்ளி வைத்தேன். கொல்லி என்று அவர் சொன்ன, அவர்கள் தினை போடும் நிலம் அறுபது சென்ட் வந்தது.

"எங்க வூட்ல ஆறு பேரு. அங்க எத்தினி புலி?"

"ஒண்ணுதான்."

அவர் ஊர் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் படியருகே திரும்பிக் கேட்டார்:

"நாங்க பட்டாவுக்கு மனு குடுத்துகினே இருக்கோம். அந்தப் புலிக்கு குடுத்துட்டாங்களா?"

புலிக்கு இடம் போதாது என்று கொதித்து ஒரு நீளமான பதிவு எழுதி வைத்திருக்கிறேன். போடலாமா, நீங்களே சொல்லுங்கள். அக்கா திங்கட்கிழமையும் இதே பஸ்ஸில்தான் வருவாராம்.